கடை எண் முப்பத்தேழு

இரவுப் பணி முடிந்து
கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால்
மஞ்சக்குப்பம் இன்னும் சரியாக விழித்திருக்காது.
டீக்கடைக்காரர் மட்டும்
முதல் கிளாஸைச் சாலைக்கு ஊற்றிக்கொண்டிருப்பார்.
நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை.
தூக்கத்துக்கு முன்னால் உழவர் சந்தை.

வாசல் கரும்பலகையில் இன்றைய விலை:
கத்தரி முப்பத்தாறு, வெண்டை முப்பது, பரங்கி இருபது.
தக்காளிக்கு நேரே
எழுதி அழித்து, எழுதி அழித்து
ஒரு வெள்ளைப் புகை.
ஐப்பசி மழை
அதற்குமேல் சொல்ல விடவில்லை.

முப்பத்தேழாம் கடை தனவல்லியுடையது.
தூக்கணாம்பாக்கத்திலிருந்து முதல் பஸ்.
"எனக்கு டிக்கெட்டு இல்லையாம்,
என் பரங்கிக்கு உண்டாம்.
ஆம்பளைப் பரங்கி போலிருக்கு" என்பாள்.
கண்டக்டரிடமும் இதையே சொல்லியிருப்பாள்.
மூட்டைக்குக் கிழித்த சீட்டு
வளையலுக்குள் செருகியிருக்கும்.
கழுத்து அட்டையில்
அவளைவிட ஐந்து வயது இளையவள் ஒருத்தி
யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பேரம் பேசுவதில்லை.
பலகை பேசி முடித்துவிட்டது.
ஆனாலும் கைப்பழக்கம் விடுமா?
வெண்டை நுனியை ஒடிக்கப் போனால்
"ஒடிச்சதை நீயே எடுத்துக்க."
கத்தரியில் துளை தேடினால்
"மருந்தடிச்சா புழு ஏன் வருது?
புழுவுக்குக் காசு வேணாம், போ."

இன்றைக்கு அவள் தராசு
கண்ணைத் திறக்கவில்லை.
தட்டினாள்.
பேட்டரியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டாள்.
எட்டு எட்டு எட்டு என்று
ஒருமுறை மின்னி அணைந்தது.
கூட்டம் குறையட்டும், என்னுதைத் தர்றேன் என்றார்
பக்கத்துக் கடை ஏகாம்பரம்.

பத்தை வேண்டாம், முழுசாக ஒன்று என்று
நானே எடுத்தேன்.
சின்னப் பரங்கி. மண் ஒட்டியது.
தரையில் படுத்த பக்கம் வெளுப்பு.
காம்புப் பக்கம் ஒரு கை தாங்க
அடியில் ஒரு கை கொடுத்து
நான் ஏந்தியிருந்த விதத்தை
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"ஒண்ணு முந்நூத்தி எண்பது" என்றேன்.

"நீ என்ன மிஷினா?"

ஏகாம்பரம் தராசில்
ஒன்று முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
"பதினஞ்சு கிராம் மண்ணு" என்றாள் தனவல்லி,
அவளே ஜெயித்தவள் மாதிரி.

விடிகாலை மூன்று பத்துக்கு
என் கையில் இருந்தது இதே எடை.
முதலில் துணியை வைத்து
பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் குழந்தையை வைப்போம்,
இவள் கூடையை வைத்துப் பூஜ்ஜியமாக்குவதுபோல.
எண்கள் நடுங்கி நடுங்கி ஏறி
ஒன்று மூன்று எட்டு பூஜ்ஜியத்தில் நின்றன.
இன்னும் ஒரு கிலோவாவது வேண்டும்.
கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டுக்
குறிப்பேட்டில் எழுதும்போது
முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களோடு
அதன் அம்மா கேட்டாள், "எவ்ளோக்கா?"
சொன்னேன்.
விலை படியாதவள்போல்
கொஞ்சம் கூட்டிச் சொல்லேன் என்று பார்த்தாள்.

இதைத் தனவல்லியிடம் சொல்லவில்லை.
சொன்னால் காசு வாங்கமாட்டாள்.
"இருபத்தேழு அறுபது.
அறுபது காசுக்கு நீ எங்க போவ, இருபத்தேழு குடு."
மேலே ஒரு பிடி கறிவேப்பிலை,
இரண்டு மிளகாய்,
போதாதென்று ஒரு கோணல் கத்தரி.
கொசுறை நிறுக்கிற தராசு
இந்தச் சந்தையில் யாரிடமும் கிடையாது.

ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.
"பையை சீட்டுல வெச்சா ஒரு ஆள் காசு,
மடியில வெச்சுக்கங்க" என்றார் டிரைவர்.
வைத்துக்கொண்டேன்.
கெடிலம் பாலத்தில் கண் சொருகியது.
என்னை அறியாமல்
தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் போல.
எதிர்ச் சீட்டுப் பள்ளிக்கூடப் பையன்
வாயைப் பொத்திக்கொண்டு
பரங்கியைப் பார்க்கிறான்,
என்னைப் பார்க்கிறான்.